புரசம்பூவின் நிறமும் புனேயின் வேதியியலும்

ஹோலிப் பண்டிகை கழிந்த ஐந்தாம் நாளை மகாராஷ்டிர மக்கள் ரங்கபஞ்சமி என்று கொண்டாடுகின்றனர். அன்று புனே நகரின் தெருக்களில் வண்ணப்பொடியும் வண்ணநீரும் தாராளமாகப் புழங்குகின்றன. இவ்வண்ணங்களில் மிகப் பெரும்பகுதி இன்று தொழிற்சாலைகளில் உருவாகி வருபவை. முற்காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. நாட்டின் பல பகுதிகளில் வசந்தவிழாவுக்குரிய செம்மஞ்சள் நிறநீரை ஒரு மரத்தின் பூக்களே அளித்து வந்தன. தமிழில் புரசு, பலாசம் என்றும், மராத்தியில் பளஸ் என்றும், வடமொழியில் கிம்சுகம் என்றும் வழங்கப்படும் மரமே அது.

அழகுக்காகப் போற்றப்படும் இம்மரம் பொருளாதார நோக்கிலும் ஆராயத்தக்கது. அதன் பூ, விதை, பிசின், இலை ஆகிய அனைத்தும் ஏதேனும் ஒருவகையில் பயன்படுகின்றன. அதன் கிளைகளில் வளரும் அரக்குப் பூச்சியோ பல மாநிலங்களில் பழங்குடிக் குடும்பங்களுக்கு ரொக்க வருமானம் தருகிறது. இவற்றுள் பொதிந்துள்ள வேதிப்பொருள்கள் யாவை என்பதை இந்திய அறிவியலறிஞர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே பெருமளவு கண்டறிந்துவிட்டனர். அந்த ஆய்வில் புனேக்கும் சிறப்பிடம் உண்டு. ஆய்வகத்தில் பெறப்பட்ட அறிவு, காட்டோரத்தில் பூவும் அரக்கும் சேகரிப்பவரின் வருவாயை உயர்த்த எவ்வகையில் உதவக்கூடும் என்பதே இங்கு எழும் கேள்வியாகும்.

மரத்தின் இயல்பு

புரசின் தாவரவியல் பெயர் பியூட்டியா மோனோஸ்பெர்மா என்பதாகும். அவரை, துவரை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவரும் தாவரவியல் ஆர்வலருமான பியூட் பிரபுவின் நினைவாகவே அதன் பேரினத்துக்குப் பியூட்டியா என்று பெயரிடப்பட்டது. அது நடுத்தர உயரமுள்ள, இலையுதிர்க்கும் மரம். கோணல்மாணலான அடிமரத்தையும் மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையையும் உடையது. 'எங்கே போனாலும் பளஸ் மரத்துக்கு இலை மூன்றுதான்' என்னும் பொருள்பட மராத்தியில் ஒரு பழமொழி வழங்குகிறது. உலகெங்கும் நடைமுறை ஒன்றுபோலவே இருக்கும் என்பது அதன் கருத்து.

மாசி, பங்குனி மாதங்களில் இலைகள் உதிர்ந்தபின் மரம் முழுவதும் பூக்கும். இதழ்களுள் ஒன்று கிளியின் அலகு போல வளைந்திருக்கும். பூத்த மரங்களைத் தொலைவிலிருந்து காண்பவருக்குக் காட்டில் தீப்பற்றியது போலத் தோன்றும். வறட்சியையும், உவர் நிலத்தையும், நீர் தேங்கும் கரிசலையும் தாங்கி வளரும் ஆற்றல் புரசுக்கு உண்டு. ஆதலின் வேறு மரங்கள் எளிதில் வளராத தரிசு நிலங்களுக்கும் அது ஏற்றது. உத்தரப் பிரதேசமும் ஜார்க்கண்டும் புரசம்பூவைத் தத்தம் மாநிலமலராகக் கொண்டுள்ளன.

இம்மரம் ஊர்ப்பெயர்களிலும் இடம்பெற்றுள்ளது. சென்னையின் புரசைவாக்கம் புரச மரங்களால் பெயர் பெற்றது. அங்குள்ள கங்காதரேசுவரர் கோயிலின் தலமரமும் புரசே. 1757-ஆம் ஆண்டுப் போரினால் வரலாற்றில் இடம்பெற்ற வங்காளத்துப் பிளாசி, பலாச மரத்தால் பெயர் பெற்ற பலாசி என்னும் ஊரேயாகும்.

பூவின் நிறம் எங்கிருந்து வருகிறது?

புரசம்பூவின் நிறப்பொருளை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடிகள், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் பணியாற்றிய ஏ.ஜி. பெர்க்கின், ஜே.ஜே. ஹம்மல் ஆகிய இருவர். அவர்களின் ஆய்வு 1904-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இவ்விடத்தில் ஒரு செய்தி கருதத்தக்கது. 1856-ஆம் ஆண்டில் முதல் செயற்கைச் சாயத்தைத் தயாரித்து, இயற்கைச் சாயத் தொழிலின் வீழ்ச்சிக்கு வித்திட்ட டபிள்யூ.ஹெச். பெர்க்கின் என்பாரின் மகனே இந்த ஏ.ஜி. பெர்க்கின். தந்தை தொடங்கிவைத்த தொழிலால் வழக்கொழியத் தொடங்கியிருந்த தாவரச் சாயங்களின் அமைப்பை மகன் ஆராய்ந்தார்.

1940-களின் தொடக்கத்தில், அன்று வால்ட்டேரில் இயங்கிய ஆந்திரப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டி.ஆர். சேஷாத்ரியும் அவருடைய மாணவர்களும் இப்பூவின் வேதிப்பொருள்களை மேலும் ஆராய்ந்தனர். சேஷாத்ரி தமிழ்நாட்டின் குளித்தலையில் 1900-ஆம் ஆண்டில் பிறந்தவர். தாவர நிறப்பொருள் ஆய்வில் உலகப்புகழ் பெற்றவர்.

இவ்வாய்வுகளின் சாரத்தைப் பின்வருமாறு கூறலாம். புரசம்பூவில் பியூட்டெயின், பியூட்டின் என்னும் இரு பொருள்கள் அடிப்படையானவை. இரண்டின் மூலக்கூறுகளிலும் 15 கார்பன், 12 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. வேறுபாடு அணுக்கள் அமைந்த முறையில்தான். பியூட்டெயினில் நடுப்பகுதி திறந்த சங்கிலியாக இருக்கிறது. இவ்வகைப் பொருளுக்குச் சால்கோன் என்று பெயர். அது ஆழ்ந்த மஞ்சள் நிறமுடையது. பியூட்டினில் அதே பகுதி மூடிய வளையமாகிவிடுகிறது. இவ்வகை ஃபிளேவனோன் எனப்படும். இதற்கு நிறம் ஏறத்தாழ இல்லை. ஆகவே, சங்கிலி திறந்திருந்தால் நிறம் உண்டு. வளையமாக மூடினால் நிறம் மறையும்.

பூவில் இவ்விரு பொருள்களும் பெரும்பாலும் சர்க்கரையுடன் இணைந்தே காணப்படுகின்றன. சர்க்கரையோடு சேர்ந்த பியூட்டெயினை ஐசோபியூட்ரின் என்றும், சர்க்கரையோடு சேர்ந்த பியூட்டினைப் பியூட்ரின் என்றும் அழைப்பர். பூவில் பியூட்ரினின் அளவு ஏறத்தாழ 1.5 விழுக்காடு என்று கண்டறியப்பட்டுள்ளது. அதாவது 100 கிலோ பூவிலிருந்து எதிர்பார்க்கத்தக்க பியூட்ரின் சுமார் ஒன்றரைக் கிலோ. தனிநிலைப் பியூட்டெயின் இதிலும் மிகக் குறைவு. இவையன்றி அவுரோன் என்னும் வகையைச் சேர்ந்த நிறப்பொருள்களும் உண்டு. புதிய பூவின் ஒளிமிக்க செம்மஞ்சள் நிறத்துக்குச் சால்கோன்களும் அவுரோன்களுமே காரணம்.

பூ உலரும்போது ஐசோபியூட்ரின் சிறுகச் சிறுகப் பியூட்ரினாக மாறுகிறது. திறந்திருந்த சங்கிலி மூடிக்கொள்கிறது. எனவே பூவின் நிறம் மங்குகிறது. பொருளாதார நோக்கில் இம்மாற்றம் முக்கியமானது.

வழக்கத்தின் பின்னுள்ள அறிவியல்

புரசம்பூவைக் கொதிக்கவைத்த நீரில் சிறிது சுண்ணாம்போ படிகாரமோ சேர்ப்பது சாயமிடுவோரிடையே நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். மேற்கூறிய வேதியியல் இவ்வழக்கத்துக்கு விளக்கம் தருகிறது.

சுண்ணாம்பு ஒரு காரம். காரத்தில் பியூட்ரினின் மூடிய வளையம் மீண்டும் திறக்கிறது. நிறமற்ற பொருள் நிறமுள்ள பொருளாகிறது. அத்துடன் காரநிலையில் சால்கோனின் நிறம் மேலும் ஆழமாகிச் செம்மஞ்சளாகிறது. இவ்வாறு, உலர்ந்து மங்கிய பூவும் சுண்ணாம்பு நீரில் தன் நிறத்தைப் பெருமளவு மீட்டுக்கொள்கிறது.

படிகாரத்தின் பணி வேறு. அது நிறமூன்றி, அதாவது சாயத்தைத் துணியின் இழையோடு பிணைக்கும் பொருள். படிகாரத்திலுள்ள அலுமினியம், நிறப்பொருளின் அடுத்தடுத்த இரு ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொள்வதன் மூலம் இப்பிணைப்பை ஏற்படுத்துகிறது. ஆனால் பூவிலுள்ள நிலையில் அவ்விரண்டனுள் ஒன்றைச் சர்க்கரை அடைத்துக்கொண்டிருக்கிறது. நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்தால் சர்க்கரை பிரிந்து அவ்விடம் விடுபடும். அதன்பின் படிகாரத்தின் பிடி வலுப்படும். விழாவுக்கான வண்ணநீருக்கு வெறும் கொதிநீரும் சுண்ணாம்பும் போதும். துணிச்சாயத்துக்கு அமிலப் பக்குவமும் படிகாரமும் தேவை. இரு பயன்களுக்கும் இரு முறைகள் என்பது இதனால் தெளிவாகும்.

புனே ஆய்வகத்தின் பங்கு

விடுதலைக்குப் பின் நிறுவப்பட்ட தேசிய ஆய்வகங்களுள் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் முன்னணியில் நிற்பது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு இதனைத் திறந்து வைத்தார். தொடக்கத்தில் வெளிநாட்டு அறிஞர்கள் இருவர் அடுத்தடுத்து இயக்குநர்களாக இருந்தனர். 1957-ஆம் ஆண்டில் பேராசிரியர் கே. வெங்கட்டராமன் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்று 1966 வரை பணியாற்றினார்.

வெங்கட்டராமன் 1901-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் பயின்றவர். மான்செஸ்டரில் சர் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றார். லாகூரில் பணியாற்றிய காலத்தில், ஃபிளேவோன் என்னும் தாவர நிறப்பொருள்களை உருவாக்க உதவும் ஒரு வினையைக் கண்டறிந்தார். இன்றும் உலகெங்கும் வேதியியல் பாடநூல்களில் அது பேக்கர்–வெங்கட்டராமன் மாற்றம் என்னும் பெயரால் விளங்குகிறது. புரசம்பூவின் நிறப்பொருள்களும் ஃபிளேவோன்களும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. பின்னர் பம்பாயில் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையை வளர்த்த வெங்கட்டராமன், செயற்கைச் சாயங்களின் வேதியியல் குறித்துப் பல தொகுதிகள் கொண்ட நூல்வரிசையையும் உருவாக்கினார். செயற்கைச் சாயத்தின் ஆற்றலை முழுமையாக அறிந்த ஒருவரே இயற்கை நிறப்பொருள்களையும் கைவிடாமல் ஆராய்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1960-களின் பிற்பகுதியில் வெங்கட்டராமனும், ஏ.வி. ராமராவ் உள்ளிட்ட அவருடைய உடனாய்வாளர்களும் புனேயில் ஒரு பழைய புதிருக்கு விடை கண்டனர். அது அரக்கின் செந்நிறம் பற்றியது. அரக்கின் செந்நிறப்பொருளாகிய லாக்கெயிக் அமிலம் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டிருந்தும் அதன் அமைப்பு நெடுங்காலம் தெளிவாகாமல் இருந்தது. அது ஒரே பொருளன்று. நெருங்கிய உறவுடைய பல பொருள்களின் கலவை என்பது தெரியவந்தது. அவற்றைத் தனித்தனியே பிரித்து அமைப்பை நிறுவியதில் புனே ஆய்வகத்துக்கு முதன்மையான பங்கு உண்டு.

புரசும் அரக்கும்

அரக்கின் செந்நிறத்துக்கும் புரசுக்கும் நேரடித் தொடர்பு உள்ளது. அரக்குப் பூச்சி வளரும் மரங்களுள் புரசு, கூசம், இலந்தை ஆகிய மூன்றும் முதன்மையானவை. பூச்சி இளங்கிளைகளின் சாற்றை உறிஞ்சி வளர்ந்து, தன்னைச் சுற்றிப் பிசினை உமிழ்கிறது. கிளையோடு சேர்த்து வெட்டி எடுக்கப்படுவது கொம்பரக்கு. அதைக் கழுவித் தூய்மை செய்து உருக்கினால் அவலரக்கு கிடைக்கும். கழுவும்போது நீரோடு செல்வதே அந்தச் செந்நிறம். பண்டைக்காலப் பெண்டிர் பாதங்களில் தீட்டிய செம்பஞ்சுக்குழம்பும் அரக்குச் சாயத்தால் ஆனதே.

புரசிலும் இலந்தையிலும் வளரும் அரக்கினம் ரங்கீனி எனப்படும். இதில் ஆண்டுக்கு இரு அறுவடைகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருவது கத்கி. கோடையில் வருவது பைசாகி. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலும், மகாராஷ்டிரத்தின் கோந்தியா, கட்சிரோலி போன்ற கிழக்கு மாவட்டங்களிலும் அரக்கு சேகரிக்கப்படுகிறது. இதற்கெனவே 1924-ஆம் ஆண்டில் ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 2007-ஆம் ஆண்டில் அதன் பணி எல்லா இயற்கைப் பிசின்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் அது தேசிய இரண்டாம்நிலை வேளாண்மை நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

செயற்கைச் சாயம் வந்தபின் அரக்கில் பிசினுக்கு மட்டுமே விலை என்றாயிற்று. கழுவுநீரோடு நிறப்பொருள் சாக்கடைக்குச் சென்றது. பின்னர் உணவுப்பொருள்கள், துணிகள் ஆகியவற்றுக்கு இயற்கை நிறங்களை நாடும் போக்கு ஏற்பட்டபோது அந்தக் கழிவே மீண்டும் பண்டமாயிற்று. ஒரு கழிவைப் பண்டமாக விற்க வேண்டுமானால், அதில் உள்ளது எது, எவ்வளவு என்பதை வாங்குவோருக்குச் சான்றுடன் கூறியாக வேண்டும். மூலக்கூறின் அமைப்பு தெரிந்திருந்தாலன்றி அவ்வாறு கூற இயலாது.

விதையும் பிசினும்

புரச விதை குடற்புழுக்களுக்கு மருந்தாக நம் நாட்டு மருத்துவ முறைகளில் பயன்பட்டு வந்துள்ளது. 1967-ஆம் ஆண்டில் ராஜ், குருப் என்னும் இந்திய ஆய்வாளர்கள் இவ்விதையிலிருந்து பலாசோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். புழுக்களுக்கு எதிராகச் செயல்படுவது அதுவே. அதன் அமைப்பு, கொப்புள வண்டுகளின் நஞ்சாகிய காந்தாரிடினின் அமைப்பை ஒத்துள்ளது. ஆகவே மருந்தும் நஞ்சும் இதில் அளவாலேயே வேறுபடுகின்றன. பயிற்சி பெற்ற மருத்துவரின் மேற்பார்வையின்றி விதையை உட்கொள்ளுதல் தகாது. அடிமரத்திலிருந்து வடியும் சிவந்த பிசினில் துவர்ப்புப் பொருள்கள் மிகுதி. பூவின் பியூட்டெயின் குறித்தும் பல ஆய்வகங்கள் ஆராய்ந்து வருகின்றன. எனினும் சோதனைக்குழாயில் கண்ட பயனை நோயாளியிடம் கண்ட பயனாகக் கொள்ளலாகாது.

பொருளாதாரப் பாடங்கள்

இவ்வேதியியல் உண்மைகளிலிருந்து, திட்டமிடுவோரும் கள அலுவலர்களும் கருதத்தக்க நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, விலை நிர்ணயம் பற்றியது. பூ சேகரிப்பது சில வாரங்களில் முடிந்துவிடும் வேலை. வேளாண் வேலை குறைந்திருக்கும் கோடைத் தொடக்கத்தில் அது கிடைக்கிறது. ஆயினும் சேகரிப்பவர் பூவை உலர்த்தி வைத்து விற்கும்போது, நிறம் மங்கிவிட்டது என்று காரணம் காட்டி விலையைக் குறைப்பது எளிது. நிறமங்கல் பொருளிழப்பு ஆகாது என்பதை மேற்கூறிய வேதியியல் காட்டுகிறது. பொருள் வளையமாக மூடியிருக்கிறது; காரத்தில் மீண்டும் திறக்கும். உண்மையான சேதம் பூஞ்சை பிடிப்பதாலும், மண்ணும் சருகும் கலப்பதாலும் நேர்வது. எனவே தரத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாமல், சிறிதளவு பூவைச் சுண்ணாம்பு நீரிலிட்டு எழும் நிறத்தின் ஆழத்தைக் கொண்டு மதிப்பிடும் எளிய சோதனையொன்றை ஆய்வகங்கள் செம்மைப்படுத்தித் தரலாம். கூட்டுறவுச் சங்கங்களின் கொள்முதல் நிலையங்களில் அதை நடத்துவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாது.

இரண்டாவது, பயனுக்கேற்ற சந்தை. புரசம்பூச் சாயம் வெயிலிலும் சலவையிலும் நெடுநாள் நிற்பதில்லை. ஆலைத்துணிக்கு இது பெருங்குறை. இத்துறையில் செயற்கைச் சாயத்தோடு போட்டியிட முனைவது வீண் முயற்சியாகும். விழாவண்ணத்துக்கோ இக்குறையே நிறைவாகிறது. அன்று பூசிய வண்ணம் அன்றே கழுவினால் போய்விட வேண்டும் என்பதுதான் நகர மக்களின் விருப்பம். ஆலைச் சாயங்களும் உலோக உப்புகளும் கலந்த பொடிகளால் தோலுக்கும் கண்ணுக்கும் ஊறு விளையும் என்னும் விழிப்புணர்வு பெருகியுள்ள இந்நாளில், புனே போன்ற பெருநகரங்களே புரசம்பூ வண்ணத்துக்கு இயற்கையான சந்தைகளாகும்.

மூன்றாவது, பயன்களுக்கிடையிலான முரண்பாடு. ஒரே மரம் ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் முழுமையாகத் தராது. கோடை அரக்குக்கான பூச்சி கிளைகளின் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும் காலமும் பூக்காலமும் ஒன்றே. அரக்குக்காகக் கிளை கழித்த மரத்தில் பூ குறையும். பூக்கள் அனைத்தையும் பறித்துவிட்டால் விதை இராது. நாளைய கன்றும் இராது. ஆகவே ஒரு கிராமத்தின் மரங்களைப் பிரிவுகளாக்கி, சிலவற்றை அரக்குக்கும், சிலவற்றைப் பூவுக்கும், சிலவற்றை ஓய்வுக்கும் முறைவைத்து ஒதுக்குவது அவசியம். இம்முறையைக் கிராம சபையே வகுத்துக்கொள்வது சிறப்பு.

நான்காவது, உரிமையும் பதப்படுத்தலும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் வனவாழ் மக்களுக்கு உரிமை அளித்தது. 2013–14-ஆம் ஆண்டில் தொடங்கிய குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தில் அரக்கும் இடம்பெற்றது. இவை தேவையான படிகளே. எனினும் மூலப்பொருளாகவே விற்கும் வரை மதிப்பின் பெரும்பங்கு வேறிடம் செல்லும். புரசம்பூவை நீரில் காய்ச்சி, வடிகட்டி, மாவுப்பொருளில் ஏற்றி உலர்த்துவது மகளிர் குழுவொன்றால் செய்யக்கூடிய பணி. பொடியின் நிறச்செறிவுக்கு ஒரு தரநிர்ணயமும், அதைச் சோதித்துச் சான்றளிக்கும் அருகமை ஆய்வுக்கூடமும் இருந்தால், நகர வணிகரோடு அக்குழு சமநிலையில் பேரம் பேச முடியும்.

முடிவுரை

செயற்கைச் சாயம் வெற்றி பெற்றதற்கு விலைமலிவு மட்டுமே காரணமன்று. ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் கிடைக்கும் என்னும் உறுதியை அது வாங்குவோருக்கு அளித்தது. அவ்வுறுதி மூலக்கூறைப் பற்றிய அறிவிலிருந்து பிறந்தது. புரசின் மூலக்கூறுகளைப் பற்றிய அதே அறிவு நம் நாட்டிலும் உள்ளது. வால்ட்டேரிலும் புனேயிலும் நம் அறிஞர்கள் அதைப் பல்லாண்டு உழைத்துத் தேடி வைத்துள்ளனர். பூவும் அரக்கும் கைமாறும் இடத்துக்கு, சேகரிப்பவர் தாமே பயன்படுத்தக்கூடிய எளிய சோதனையாகவும் தரவரிசையாகவும் அதைக் கொண்டுசேர்ப்பதே எஞ்சியுள்ள பணி.

பழமொழி கூறுவது போல எங்கே போனாலும் புரசுக்கு இலை மூன்றுதான். அதிலிருந்து கிடைக்கும் வருவாயோ மக்களின் அறிவுக்கும் அவர்களுக்குள்ள அமைப்புக்கும் ஏற்ப ஊருக்கு ஊர் வேறுபடும். அடுத்த வசந்தத்தில் உலர்ந்து மங்கிய ஒரு கூடைப் பூவைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவரும் பெண், அதன் உண்மையான மதிப்பைத் தாமே சோதித்துக் காட்டும் நிலை வரவேண்டும்.